அக்கா வீட்டு மாடியில் காற்றுப் பரிசோதனை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத உட்காரும் தகுதி எனக்கு இல்லை. பத்தாவது வரை படித்தேன், அதிலும் கணக்கில் இரண்டாம் தடவைதான் தேறினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேச வராது. இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் நான் வேலை செய்யும் லாண்டரியின் பாய்லர் நோட்டு மட்டும்தான். பாய்லர் மூட்டிய நேரம், நீராவியின் அழுத்தம், எத்தனை கட்டு விறகு, புகையின் நிறம். அதையாவது ஒழுங்காக எழுதியிருந்தால் இன்று இதை எழுத வேண்டி வந்திருக்காது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லாண்டரி நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கடற்கரை ஓரத்து ஓட்டல்களும் விடுதிகளும் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் எங்களிடம்தான் போடுவார்கள். சனி, ஞாயிறு முடிந்தால் திங்கட்கிழமை வேன் வேனாக வந்து இறங்கும். துவைத்த விரிப்பைச் சூடான உருளைக்குள் விட்டால் மறுபக்கம் அப்பளம் போல விறைத்து வரும். அந்தச் சூடு நீராவியால் வருகிறது. நீராவிக்கு விறகு பாய்லர், பாய்லருக்குப் புகைபோக்கி. புகைபோக்கி இருந்தால் அரசாங்கத்திடம் இசைவு வாங்க வேண்டும். காற்றில் புகை விடுவதற்கும் ஒரு அனுமதித் தாள் உண்டு என்பதே எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். நாங்கள் அதை 'கன்சென்ட்' என்போம். முதலாளி அதற்குக் கண்ணாடி போட்டு, மேசைக்கு மேலே சாமி படங்களோடு மாட்டியிருக்கிறார். புகைபோக்கி இவ்வளவு உயரம் இருக்க வேண்டும், காய்ந்த விறகுதான் எரிக்க வேண்டும், தினமும் நோட்டு எழுத வேண்டும் என்று அதில் வரிசையாக நிபந்தனைகள் இருக்கும். சில வருடங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் பாய்லரை நிறுத்த வேண்டியதுதான்.

இந்த வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தது என் அக்கா. லாண்டரியின் பின்சுவரும் அவள் வீட்டுக் கொல்லைச் சுவரும் ஒன்றுதான். "பின்னாடி ஆள் கேக்கறாங்கடி, வந்து சேந்துக்க. மத்தியானம் சோறு நான் குடுக்கறேன்" என்று அவளே வந்து கூட்டிக்கொண்டு போனாள். சொன்னபடி குடுத்தாள். ஒரு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வளையல் கை ஒன்று கிண்ணத்தோடு மேலே வரும். முகம் தெரியாது. "புடி, சூடா இருக்கு" என்ற குரல் மட்டும் வரும். கூட வேலை செய்கிறவர்கள் "உனக்கு என்னா, சுவரே சோறு போடுது" என்று கிண்டல் செய்வார்கள்.

நான் சொல்ல வந்த நாளன்று, இது நின்று ஏழு வருடம் ஆகியிருந்தது.

நின்றதற்கு நான்தான் காரணம். அக்கா வீட்டு மாடியில் கரி விழுகிறது என்று அவள் முதலில் என்னிடம் சொன்னாள், பிறகு முதலாளியிடம் சொன்னாள், பிறகு இசைவு தருகிற அரசாங்க அலுவலகத்துக்கு மனு போட்டாள். ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். அக்கா ஒரு முறத்தில் வடகத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். காயப்போட்ட வடகம் முழுக்கக் கறுப்புப் பொட்டுகள். அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் 'புகை: வெள்ளை' என்று இருந்தது.

"யாரும்மா இதை எழுதறது?"

நான் முன்னால் வந்தேன்.

"புகை எப்பவும் வெள்ளையாத்தான் வருமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி பார்த்தார். அக்காவும் பார்த்தாள். சீக்கிரம் எல்லாரும் பார்வையை எடுத்தால் போதும் என்றிருந்தது.

"வெள்ளைதான் சார்" என்றேன்.

அக்கா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தத் தடவை இசைவு கிடைத்தது. மறுநாள் ஒரு மணிக்குச் சுவர் ஓரம் போய் நின்றேன். கை வரவில்லை.

அதன் பிறகு எனக்கு அக்கா வெறும் சத்தம் மட்டும் ஆகிவிட்டாள். உருளை ஓடாத நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது எல்லாம் கேட்கும். குக்கர் மூன்று விசில் என்றால் பருப்பு. துணி தப்பும் சத்தம் நடுவில் நின்று நின்று வந்தால் அவளுக்குத் தோள்பட்டை வலி. மாமாவை, அதாவது அவள் வீட்டுக்காரரை, "எங்க போனீங்க, குழாய மூடுங்க" என்று கத்துவாள். அவள் இருமினால் இந்தப் பக்கம் நான் விரிப்பு மடிப்பதை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை இருமுகிறாளா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. மாமா கொண்டுவந்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். போனேன். அக்கா வாசலில் நின்று எல்லாருக்கும் குங்குமம் நீட்டினாள். எனக்கும் நீட்டினாள். கிண்ணத்தைப் பார்த்தபடியே நீட்டினாள்.

போன வருடம் மழைக்காலத் தொடக்கத்தில் மறுபடி இசைவு புதுப்பிக்க வேண்டி வந்தது. அக்கா மறுபடி மனு போட்டிருந்தாள். இந்தத் தடவை அலுவலகத்தில், மனு கொடுத்தவர் வீட்டு மாடியிலேயே மிஷின் வைத்து ஒரு நாள் காற்றை அளந்து அறிக்கை கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மனுதாரர் ஒருவர், கம்பெனி ஆள் ஒருவர், இரண்டு பேரும் பக்கத்தில் இருக்க வேண்டும். முடிந்ததும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இசைவு முடிய நாலு நாள்தான் இருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்கா வீடுதானம்மா, நீ போ. நான் போனா வாசல்லயே சண்டை ஆரம்பிச்சிடும்."

"அது என்னோட பேசாது சார்."

"பேச வேணாம். எட்டு மணி நேரம் சும்மா உக்காரு. சும்மா உக்கார்றதுதான் உனக்கு நல்லா வருமே."

அவர் கவலை இசைவு. எனக்கு அது தெரியாமல் இல்லை. எங்கள் எல்லாருக்கும் சோறு அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அன்று எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் சரி.

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் கொண்டை போட்டுக்கொண்டு ஓடினேன். மாமா கதவைத் திறந்தார். "மேல போம்மா" என்றார். மாடியில் பரிசோதனைக் கூடத்து ஆள் மிஷினை வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பு உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி, மேலே சின்ன வீட்டுக் கூரை போல ஒரு மூடி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து இறுக்கினார். மிஷின் காற்றை இழுக்கும், காற்றில் இருக்கும் தூசி தாளில் தங்கும், தாளை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்றார். ஸ்விட்சைப் போட்டதும் மாவு மிஷின் மாதிரி சத்தம் வந்தது.

"எனக்கு வில்லியனூர்ல இன்னொரு வேலை இருக்கு. நாலு மணிக்கு வந்துடுவேன். யாரும் பெருக்காதீங்க, துணி உதறாதீங்க. பீடி, சிகரெட்டு வேணாம்."

"இங்க யாரு தம்பி பீடி புடிக்கறாங்க?" என்றாள் அக்கா.

"சொல்றது என் கடமைங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

மிஷினுக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இந்தப் பக்கம் ஒன்று. அக்கா அங்கே, நான் இங்கே. அவள் கீரை ஆய்ந்தாள். நான் என் கையைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. கீரை முடிந்தது. அவள் வெறும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காலில் மெட்டி இல்லை. விரல் வீங்கியிருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்க ஆசை.

பத்து மணிக்குக் கீழே பாய்லர்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் தடவை விறகு போடும் நேரம். நான் தலையைத் தூக்கினேன். புகைபோக்கியின் வாய் எனக்கு நேர் எதிரே இருந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் அன்றுதான் பார்த்தேன். கீழே பாய்லர் அறைக்குத் தகரக் கூரை. அங்கிருந்து பார்த்தால் குழாயின் அடிப்பகுதிதான் தெரியும். எனக்கு முன்னால் நோட்டு எழுதியவர் 'வெள்ளை' என்று எழுதியிருந்தார். நானும் அப்படியே எழுதினேன். அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்றுதான் தெரியுமே தவிர, மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

மழையில் நனைந்த விறகு போலிருக்கிறது. தார் காய்ச்சுகிற மாதிரி கறுப்பாக வந்தது. கொஞ்சம் மேலே போய், காற்றில் மடங்கி, நேராக எங்கள் பக்கம் இறங்கியது. அக்கா பழக்கத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கறுப்பாத்தான் வருது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மிஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

"எது?" என்றாள் அவள், கொல்லை மாமரத்தைப் பார்த்துக்கொண்டு.

"புகை. நெதமும் இப்படியாக்கா?"

"பத்து மணிக்கு ஒருவாட்டி, ரெண்டு மணிக்கு ஒருவாட்டி. நீதான் எழுதறியே நோட்டுல."

"கீழேர்ந்து தெரியாதுக்கா. நான் பாத்ததே இல்ல."

அவள் இப்போது என் பக்கம் திரும்பினாள். "பாக்காமயா எழுதுன?"

"ஆமா."

"பாக்காமயா அந்த ஆபீசர்கிட்ட வெள்ளைன்னு சொன்ன?"

"ஆமா."

"அடிப்பாவி. மொதலாளி பக்கம் சாஞ்சுகிட்டு வேணும்னே பொய் சொன்னேன்னுல்ல ஏழு வருஷமா நெனச்சிட்டிருந்தேன். இதுக்கு அதுவே தேவலாம்."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். சரி, இனி மாமாதான் வருவார் என்று நினைத்தேன். கீழே ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது.

பதினோரு மணி வாக்கில் அவளே படியேறி வந்தாள். ஒரு கையில் தூபக்கால், அதில் கனிந்த கரி. மறு கையில் ஒரு மூங்கில் கூடை.

"ஈரத்த முடிஞ்சு வெச்சினு உக்காந்திருக்க. சாயந்தரம் மண்டைய புடிச்சிப்ப. கொண்டைய அவுத்து உடு."

அம்மா போன பிறகு, வெள்ளிக்கிழமைகளில் எனக்குத் தலை உலர்த்தி விட்டவள் அவள்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்குப் பதின்மூன்று. தரையில் படுக்கவைத்து, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் முடியைப் பரப்பி, அடியில் சாம்பிராணி போடுவாள். கண் எரிகிறது என்று எழுந்தால் தலையில் ஒரு தட்டு விழும்.

அவள் கூடையைக் கவிழ்த்தாள். நான் கொண்டையை அவிழ்த்தேன். இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். 'வேணாம்க்கா, மிஷின் ஓடுது' என்று மூன்று சொல். பாய்லர் நோட்டு எழுதுகிறவளுக்குத் தெரியாதா எது புகை என்று? அக்காவுக்குத் தெரியாது. அவளுக்கு சாம்பிராணி என்பது வாசனை. வீட்டைச் சுத்தம் செய்கிற ஒன்று. அவள் மனு போட்ட புகையோடு அதைச் சேர்த்து அவளால் நினைக்கவே முடியாது. தெரிந்தவள் நான். நான் சொல்லவில்லை. ஒரு பாயை விரித்துப் படுத்தேன்.

"முடியெல்லாம் எங்கடி போச்சு?"

"உனக்கு மட்டும் அப்படியே இருக்குதா?"

"வாய் வந்துடுச்சே உனக்கு."

கரியில் ஒரு பிடி சாம்பிராணித் தூளைப் போட்டாள். புகை கூடையின் கண்களில் புகுந்து என் முடிக்குள் ஏறியது. அவள் விரல்கள் சிக்கு எடுத்தன. ஒரு வெள்ளை முடியைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள். பெண் மாசமாக இருப்பதைச் சொன்னாள். மாமாவுக்கு சர்க்கரை வந்ததைச் சொன்னாள். மெட்டியைக் கழற்றி மூன்று வருடம் ஆயிற்றாம். எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரியும் இருந்தது, ஒன்றுமே தெரியாத மாதிரியும் இருந்தது. படுத்த இடத்திலிருந்து பார்த்தேன். கூடையிலிருந்து எழுந்த புகை கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு யாரோ கூப்பிட்டது போல வளைந்து, மிஷினின் கூரைக்கு அடியில் நுழைந்தது. அவள் இன்னொரு பிடி போட்டாள். அதுவும் அப்படியே போயிற்று. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக லாண்டரியையே விட்டுக்கொடுத்தேன் என்று இன்று எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்போது கூசவில்லை.

நாலு மணிக்குப் பரிசோதனை ஆள் வந்தார். மிஷினை நிறுத்தி, மூடியைத் தூக்கி, தாளை எடுத்தார். நடுவில் பழுப்பாக, தோசை முறுகிய மாதிரி இருந்தது. ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னம்மா இது? கோயில் வாசனை வருது?"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தூபக்காலைக் காலால் மெல்லத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளினாள். அவர் என்னைப் பார்த்தார். அன்று அதிகாரி பார்த்த அதே மாதிரிதான் பார்த்தார்.

"நாந்தான் சார் சாம்பிராணி போட்டேன்" என்றேன்.

"அவளுக்கு அதெல்லாம் போடத் தெரியாது தம்பி. நான் போட்டேன், அவ தலைக்கு."

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, புகை வருதுன்னு மனு குடுத்ததே நீங்கதான?"

"ஆமா."

"நீங்களே பக்கத்துல உக்காந்து புகை போட்டா எப்படிம்மா?"

"சாம்பிராணியப் போயி புகைன்றியே. அது நல்லதுல்ல?"

"இந்த மிஷினுக்கு சாமி புகை, பாய்லர் புகைன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதும்மா." அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "நீங்க சாம்பிராணின்னு சொல்லாம கம்முனு இருந்திருந்தா கம்பெனி மாட்டியிருக்கும். உங்களுக்குத்தான் லாபம்."

"எனக்கு அவங்க விடற புகைதான் தெரியணும். என் சாம்பிராணிய அவங்க தலையில கட்டவா மனு போட்டேன்?"

அவர் படிவத்தின் குறுக்கே கோடு போட்டு, 'மாதிரி ரத்து' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு 'அருகில் சாம்பிராணி' என்று எழுதினார். அதில் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நாளைக்குத் திரும்ப வைக்க வேண்டும், மாடி கிடைக்குமா என்று கேட்டார்.

"எடுத்துக்கங்க" என்றாள் அக்கா. நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "நாளைக்குத் தலைக்கு ஊத்திக்காத."

லாண்டரிக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். "சும்மா உக்காரக்கூட வரலியா உனக்கு?" என்று தலையில் கை வைத்தார். நோட்டை எடுத்து அன்றைய கட்டத்தில் 'பத்து மணிக்குக் கறுப்பு' என்று எழுதினேன். அவர் பார்த்தார். அதை அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொல்லவில்லை. நோட்டை மூடி மேசை மேல் வைத்தார்.

மறுநாள் திரும்ப அளந்ததை வைத்து இசைவு வந்தது. விறகுக்குத் தனிக் கொட்டகை போட வேண்டும், புகையில் கரியைப் பிடிக்கிற ஒரு சாதனம் வைக்க வேண்டும் என்று புது நிபந்தனைகளோடு வந்தது. இரண்டும் செய்தாயிற்று. இப்போது நான் தினமும் சந்துக்கு வெளியே போய், அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்காவும் நானும் சேர்ந்துவிட்டோம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பேசுகிறோம். பெரிய மார்க்கெட்டில் எதிரே பார்த்தால் நின்று, பூ என்ன விலை, பெண் எப்படி இருக்கிறாள் என்று பேசுகிறோம். அவளுக்கும் வயதாகிறது, எனக்கும் ஆகிறது. ஏழு வருடம் என்பது ஒரு நாளில் திரும்பி வருகிற சாமான் இல்லை. இன்னும் ஒரு மணி ஆனால் என் காது சுவர்ப் பக்கம்தான் போகிறது. வெள்ளிக்கிழமைகளில் தலைக்குக் குளித்தால் துவட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறேன். யாரும் திட்டுவதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள், "சளி பிடிக்கப் போவுது" என்றார். அது வேறு மாதிரி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வெள்ளிக்கு மறுநாள் எட்டு மணிக்கு மிஷின் வைத்தார்கள். மாமாதான் கதவைத் திறந்தார். பாகூரில் ஒரு காதுகுத்து என்று அக்கா முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள் என்றார். அவள் நாற்காலியில் அவர் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நாலு மணிக்குத் தாளை எடுத்தார்கள். மாமாவும் நானும் கையெழுத்துப் போட்டோம்.